தஞ்சாவூர் அரண்மனை: வரிசையில் கால் கடுக்காமல் பார்க்க எந்த நாள், எந்த நேரம்?

துலாக்கட்டம்:

மயிலாடுதுறையிலிருந்து டிசம்பர் 25 அன்று தஞ்சாவூர் போய் அரண்மனை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்று திட்டம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் இரண்டு பேர் (வயது 8, 12). அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. நடப்பார், ஆனால் ஒரே இடத்தில் கால் மணிக்கு மேல் நிற்க முடியாது.

விடுமுறை நாளில் சீட்டு வாங்கவே வெகுநேரம் நிற்க வேண்டும், உள்ளே போனால் அடுத்த கட்டடத்துக்கு மறுபடி ஒரு சீட்டு, மறுபடி ஒரு வரிசை என்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? காலையில் பெரிய கோயிலை முடித்துவிட்டு அரண்மனைக்கு வருவது நல்லதா, அரண்மனை முதலா? எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விடக் கூடாது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். பேருந்தா, ரயிலா, வேனா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கீழவீதி:

முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 25 அரசு விடுமுறை. அரசு விடுமுறை நாட்களில் சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் மூடியிருக்கும். அரண்மனைக்கு வந்து அதைப் பார்க்காமல் போவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்புவது மாதிரி. பொங்கல் நாட்களிலும் இதே கதைதான். கூட்டம் உச்சம், நூலகம் பூட்டு. புதன்கிழமையும் நூலகத்துக்கு விடுமுறை. வார நாளில் கூட்டம் இருக்காது என்று புதன்கிழமை வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. செவ்வாய் அல்லது வியாழன் பாருங்கள். திங்களும் மோசமில்லை.

இனி வரிசை விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தஞ்சை அரண்மனை என்பது ஒரே நிர்வாகத்தில் உள்ள ஒரே கட்டடம் அல்ல. நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டபோது விரித்துக்கொண்டே போன வளாகம். இன்று அதில் கலைக்கூடம் ஒருவர் கையில், நூலகம் இன்னொருவர் கையில், மராட்டிய தர்பார் மண்டபம் தொல்லியல் துறையிடம், சதர் மகாலில் உள்ள சரபோஜி நினைவு மண்டபமும் அருங்காட்சியகமும் அரச குடும்பத்தார் பொறுப்பில். அதனால்தான் சீட்டும் பல, கவுன்ட்டரும் பல, திறக்கும் நேரமும் பல.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு கவுன்ட்டரில் வரிசை நீண்டிருந்தால் அங்கே நிற்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அடுத்த பிரிவுக்குப் போய் அதை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்தால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒரு பிரிவுக்குள் போவார்கள், அரை மணியில் மொத்தமாக அடுத்ததுக்கு நகர்வார்கள். அவர்கள் பின்னாலேயே போனால் நாள் முழுக்க அவர்கள் முதுகைத்தான் பார்க்கலாம். எதிர்த்திசையில் சுற்றுங்கள்.

நேரக் கணக்கு இப்படி. கலைக்கூடம் காலை 9 மணி வாக்கில் திறக்கும், நூலக அருங்காட்சியகம் 10 மணிக்கு. வெளியூர் வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் காலையில் பெரிய கோயிலுக்குத்தான் முதலில் போகும், ஏனென்றால் கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்திவிடும். கோயிலில் சீக்கிரம் முடித்தவர்கள் பத்தரை வாக்கில் அரண்மனைக்கு வரத் தொடங்குவார்கள். நடை சாத்தியதும் மிச்சமிருப்பவர்கள் மொத்தமும் இங்கே வந்து இறங்கும். அரண்மனையிலோ அப்போதுதான் மதிய இடைவேளைக்குச் சில பிரிவுகளை மூடும் நேரம். ‘மூடப்போறாங்க, சீக்கிரம்’ என்று ஒரு பக்கம் தள்ளுமுள்ளு, இன்னொரு பக்கம் சில்லறைத் தகராறு. 12.15 முதல் 1.15 வரை அரண்மனை வாசலில் இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

9 மணிக்கு வாசலில் இருந்தால் முதல் ஒன்றேகால் மணி நேரம் கலைக்கூடம் ஏறக்குறைய உங்களுக்கே. பத்தேகாலுக்கு நூலகம். பிறகு தர்பார் மண்டபம். பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிடலாம்.

வடவாறு:

கீழவீதி சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் சேர்க்க வேண்டும். கோயில் முதலா அரண்மனை முதலா என்பது எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தஞ்சாவூரிலேயே இரவு தங்குகிறவர்கள் 6 மணிக்கு நடை திறந்ததும் கோயிலுக்குப் போய் எட்டரைக்குள் முடித்துவிட்டு அரண்மனைக்கு வரலாம், அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. மயிலாடுதுறையிலிருந்து அது நடக்காது. விடிகாலை கிளம்பினாலும் தஞ்சாவூர் வந்து சேர எட்டு, எட்டரை ஆகிவிடும். கோயிலுக்குப் போனால் பத்தரைக்குத்தான் வெளியே வருவீர்கள், அரண்மனையில் கூட்டத்தின் நடுவில் மாட்டுவீர்கள். ஆகவே அரண்மனை முதலில், கோயில் மாலையில். நடை மறுபடி 4 மணிக்குத் திறக்கும், இரவு 8.30 வரை உண்டு.

அம்மாவின் முழங்காலுக்கும் இதுதான் நல்லது. கோயில் பிரகாரம் முழுக்கக் கல் தளம், செருப்பில்லாமல் நடக்க வேண்டும். மார்கழி என்றாலும் பதினோரு மணி வெயிலில் கல் சுடும். சூடு தாங்காமல் வேகமாக நடக்கப்போய்த்தான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஐந்து மணிக்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு நிபந்தனை: பிரதோஷ நாளாக இருக்கக் கூடாது. நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மாலை பெரிய நந்தியின் அபிஷேகத்துக்கு வரும் கூட்டத்தில் கோயில் வாசல் சாலையே நகராது.

வந்து சேரும் வழி: கும்பகோணம் பக்கத்திலிருந்து வரும் பேருந்தில் ஏறும்போதே ‘பழைய பேருந்து நிலையம் போகுமா’ என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து அரண்மனை ஒரு கிலோமீட்டர் அளவுதான். புதிய பேருந்து நிலையம் திருச்சி சாலைப் பக்கம், ஊருக்கு வெளியே. அங்கே இறங்கினால் மறுபடி நகரப் பேருந்து பிடித்து வர அரை மணி போய்விடும், 9 மணிக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ரயில் என்றால் நிலையத்திலிருந்து அரண்மனைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. ‘பேலஸ்’ என்றாலும் ‘அரண்மனை’ என்றாலும் தெரியும், ‘கீழவீதி வாசல்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சொந்த வேன் என்றால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கீழவீதி அகலமான வீதி அல்ல, கடைகளுக்குச் சரக்கு இறக்குவதும் அங்கேதான். வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தட்டும். மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பேருந்துகளும் மேல்மருவத்தூர் பேருந்துகளும் ஊரில் நிறைந்திருக்கும். அவர்களில் அரண்மனைக்குள் வருகிறவர்கள் குறைவு. ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தை எல்லாம் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பேருந்து எண்ணிக்கையைப் பார்த்து உள்ளே கூட்டம் என்று பயந்துவிட வேண்டாம்.

துலாக்கட்டம்:

இருவருக்கும் நன்றி. புதன்கிழமையும் அரசு விடுமுறையும் இல்லாத ஒரு நாளாக, அரையாண்டு விடுமுறைக்குள்ளேயே மாற்றிக்கொள்கிறோம். அரண்மனை முதலில், கோயில் மாலையில் என்பதும் முடிவு. இன்னும் இரண்டு சந்தேகம். அம்மா எங்கெல்லாம் உட்கார முடியும், படி எங்கெல்லாம் ஏற வேண்டும்? நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பக்கத்தில் பார்க்க விடுவார்களா? பெரிய பையன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சுவடிப்பெட்டி:

நூலகத்தைப் பற்றி முதலில். சுவடிகள் அடுக்கியிருக்கும் நூலகம் வேறு, பார்வையாளர்களுக்கான அருங்காட்சியகம் வேறு. தமிழ், வடமொழி, மராட்டி, தெலுங்கு என்று பல்லாயிரக்கணக்கான சுவடிகள் உள்ளே இருக்கின்றன. அவை ஆய்வாளர்கள் முன் அனுமதியோடு பார்ப்பவை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்திருப்பது அருங்காட்சியகக் கூடம் மட்டுமே. ‘இவ்வளவுதானா?’ என்று பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள், இந்தக் கூடத்தையே மொத்த நூலகம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள்.

அந்தக் கூடத்திலேயே பையனுக்கு வேண்டியது இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளில் ஓலைச்சுவடிகள், பழைய நிலப்படங்கள், ஓவியங்கள். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்கள் உண்டு. பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ரன் வரைந்த வரிசை அது. எட்டு வயசுப் பிள்ளை அதை விட்டு நகராது. பக்கத்திலேயே சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் உண்டு, சின்னவருக்கு அது வேண்டாம் என்று தோன்றினால் முன்னால் நின்று மறைத்துக்கொள்ளுங்கள்! மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) எதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார் என்பது அந்தக் கூடத்தில்தான் புரியும். நூலகம் பொதுமக்களுக்கு உரியதானது 1918இல்.

கூடம் சிறியது, அதுதான் சிக்கல். நாற்பது பேர் ஒரே நேரத்தில் போனால் பெட்டிகளின் முன்னால் நகர முடியாது. பத்து மணிக்குத் திறந்ததும் நுழைவது நல்லது. அது தவறினால் மாலை நான்குக்கு மேல். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கைபேசியை வெளியே எடுத்தாலே ஊழியர் பக்கத்தில் வந்து நிற்பார். பெரிய பைகளை வெளியே வைக்கச் சொல்வார்கள், அதனால் பெரிய பை எதுவும் கொண்டுவராமல் இருப்பதே சுலபம். நூலகப் பதிப்புகள் விற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மருத்துவம், சோதிடம், இசை, தல வரலாறு என்று வேறெங்கும் கிடைக்காத பதிப்புகள் குறைந்த விலையில் கிடைக்கும்.

கலைக்கூடம்: இதுதான் விடவே கூடாதது, அதுவும் மயிலாடுதுறைக்காரர்கள். 1951இல் தொடங்கிய கூடம் இது. இங்கே கூட்டம் தேங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று நாயக்கர் தர்பாரில் நிற்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலை, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். இன்னொன்று திமிங்கில எலும்புக்கூடு. உங்கள் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதுதான் அது. இந்த இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொண்டு நேரே செப்புத் திருமேனிகள் இருக்கும் அறைகளுக்குப் போங்கள்.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இருக்கிறார். 1011ஆம் ஆண்டுத் திருமேனி, பக்கத்தில் இருக்கும் தேவி அடுத்த ஆண்டைச் சேர்ந்தது. அவர் சாய்ந்து நிற்க வேண்டிய காளை இப்போது இல்லை. காளை மேல் வைத்த கை மட்டும் காற்றில் இளைப்பாறிக்கொண்டிருக்கும். தலையில் சடையைப் பாம்பு சுற்றித் தலைப்பாகை கட்டியது போல் இருக்கும். முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பக்கவாட்டில் போய் இடுப்பின் வளைவைப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருப்பதால் நேர் எதிரே நின்றால் உங்கள் முகம்தான் தெரியும், அரை அடி தள்ளிச் சாய்வாக நில்லுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரரும் இங்கேதான். தேவியின் கையைப் பிடித்திருக்கும் விரல்களைப் பாருங்கள். இவ்வளவும் உங்கள் மாவட்டத்துச் சொத்து, பார்க்கத்தான் தஞ்சாவூர் வர வேண்டியிருக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரி இன்னும் தள்ளிச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார்.

கற்சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்த யானை உரி போர்த்த மூர்த்தியும், பிச்சாடனரும் முனிபத்தினியரும். இங்கே கூட்டமே இருக்காது, ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. செப்புத் திருமேனிகளுக்கு முக்கால் மணி, கல்லுக்குக் கால் மணி ஒதுக்குங்கள்.

அம்மா விஷயம்: கலைக்கூடத்தில் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முக்கியமானவை எல்லாம் ஏறாமலே பார்க்கக்கூடியவை. நிலைப்படிகள் உயரம், அங்கங்கே இரண்டு மூன்று படி உண்டு, கைப்பிடி எல்லா இடத்திலும் கிடையாது, ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அரண்மனைக் கோபுரங்களில் ஏற விடும் நாளாக இருந்தாலும் அம்மாவை ஏற்றாதீர்கள். படி குறுகல், வெளிச்சம் குறைவு, படியின் உயரமும் ஒரே சீராக இருக்காது, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கி வழிவிட்டுத்தான் போக வேண்டும். கூட்ட நாளில் நடுவில் நின்று மூச்சு வாங்கவும் இடமிருக்காது. பிள்ளைகளை ஒருவர் அழைத்துப் போகட்டும், மற்றவர்கள் முற்றத்து நிழலில் இருங்கள். மடிக்கும் நாற்காலி ஒன்று சிறியதாக இருந்தால் கொண்டுவாருங்கள், உட்கார இருக்கைகளை நம்ப முடியாது. கழிப்பறையை அரண்மனைக்கு வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

வடவாறு:

சுவடிப்பெட்டி மராட்டிய தர்பாரைச் சொல்ல மறந்துவிட்டார். தூண், வளைவு, விதானம் எல்லாம் வண்ணம் தீட்டிய திறந்த மண்டபம், இருபது நிமிடம் போதும். அதற்கு முன்னால் இருக்கும் முற்றம் பிள்ளைகள் ஓடி ஆட ஏற்ற இடம். வெயில் ஏறிவிட்டால் அந்த முற்றத்தைக் கடப்பதே சிரமம், பதினொன்றரைக்குள் முடியுங்கள்.

வழிகாட்டி யாராவது சுரங்கப்பாதைக் கதையைத் தொடங்கினால் கேட்டுவிட்டு நகருங்கள். அதைத் தேடி அலைந்து அரை மணி போக்குகிறவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். சாப்பாட்டை 12 மணிக்கே முடியுங்கள். கோயில் கூட்டம் வெளியே வந்த பிறகு சாப்பாட்டுக் கடைகளிலும் வரிசைதான். பிறகு கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காப் பக்கம் போகலாம். அங்கே 1779இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. பாதிரியார் ஸ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கும்போது சரபோஜி வந்து பார்ப்பதைச் சலவைக்கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆங்கிலேயச் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செய்தது. காலையில் நாயக்கர் தர்பாரில் பார்த்த அதே ராஜாவைப் பையன் அடையாளம் கண்டுபிடிக்கிறானா பாருங்கள். தேவாலயம் பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் மரத்தடியில் அம்மா கொஞ்சம் கால் நீட்டட்டும். அங்கிருந்து கோயில் வாசல் நடை தூரம்தான்.

கீழவீதி:

அரையாண்டு விடுமுறை என்கிறீர்கள், அதனால் ஒரு திருத்தம். பள்ளிச் சுற்றுலாக்கள் அந்த நாட்களில் குறைவு, நவம்பரிலும் ஜனவரி, பிப்ரவரியிலும்தான் அதிகம். அதற்குப் பதிலாகக் குடும்ப வேன்கள் வரும். குடும்பங்கள் பள்ளிக் கூட்டம் மாதிரி மொத்தமாக நகராது, அங்கங்கே பரவி நிற்கும். உள்ளே நெரிசல் தெரியாது, கவுன்ட்டரில்தான் தேங்கும். ஒவ்வொரு குடும்பமும் கவுன்ட்டருக்கு வந்த பிறகுதான் ஆள் எண்ணத் தொடங்கும்: பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை, கேமரா உண்டா இல்லையா. அங்கேதான் நேரம் போகிறது.

உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒருவர் மட்டும் வரிசையில் நில்லுங்கள், மற்ற ஐந்து பேரும் நிழலில். ‘பெரியவர் நாலு, சிறுவர் ரெண்டு’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மகனின் பள்ளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும், மாணவர் சலுகை உள்ள இடத்தில் வாதாட வேண்டியிருக்காது. கேமராவுக்குத் தனிக் கட்டணம். கைபேசிக்கும் கேட்கிறார்களா என்று பலகையைப் பார்த்துவிட்டே கவுன்ட்டருக்குப் போங்கள். ‘இந்தச் சீட்டு எதெதுக்குச் சேர்த்தி?’ என்று முதல் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் போய், ஏற்கெனவே வாங்கிய சீட்டில் அடங்கிய இடத்துக்கு மறுபடி வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. சீட்டைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை வைத்திருங்கள், அடுத்த வாசலில் கேட்பார்கள். அம்மாவிடம் கொடுத்து வையுங்கள், அவர்கள்தான் தொலைக்க மாட்டார்கள்.

10, 20, 50 ரூபாய்த் தாள்களாக ஒரு ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக்கொண்டு வாருங்கள். கைபேசியில் பணம் செலுத்தும் வசதி ஒரு கவுன்ட்டரில் இருந்தால் அடுத்ததில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 9 மணிக்கு முதல் ஆளாக ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், கல்லாவில் சில்லறை சேரும் வரை ‘ஓரமா நில்லுங்க’ என்பார்கள்.

துலாக்கட்டம்:

சில்லறை விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. காலை ஆறுக்கு முன்னால் கிளம்பி, பழைய பேருந்து நிலையம் போகும் வண்டியாகப் பார்த்து ஏறுகிறோம். கலைக்கூடம், நூலகம், தர்பார், பன்னிரண்டுக்குச் சாப்பாடு. அரச குடும்பத்து அருங்காட்சியகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, அது வேண்டாமா?

சுவடிப்பெட்டி:

அரச குடும்பம் பயன்படுத்திய பொருள்கள், உடைகள், படங்கள் என்று இருக்கும், இருபது நிமிட வேலை. பதினொன்றரைக்குள் தர்பார் முடிந்து, அங்கே வரிசையும் இல்லாமல் இருந்தால் போங்கள். வரிசை இருந்தால் அந்த இருபது நிமிடத்தையும் ரிஷபவாகனருக்கே கொடுத்துவிடுங்கள்.